மறதி எனும் குற்றச்சாட்டு

நம் நாட்டு அரசினர் மருத்துவமனைகளிலே மாதந்தோறும் நடைபெறும் கிளினிக்குகளுக்கு ஒருமுறையேனும் சென்று வந்தவர் ஒரு வசனத்தைக் கேளாதிருத்தல் அரிது. "ஏன் ஒழுங்காக மருந்து குடிக்கவில்லை?" என்பதே அது. வினாவின் வடிவிலே அமைந்திருப்பினும் விடையை எதிர்பார்த்து அது கேட்கப்படுவதில்லை. கிளினிக் கொப்பியிலே இரத்த அழுத்தத்தின் அளவும் சீனியின் அளவும் எழுதப்பட்டுள்ளன, அவை கூடியிருக்கின்றன, ஆகவே நோயாளி குற்றவாளி. எதிரே நிற்கும் முதியவரோ தலையைக் குனிந்து, "மறந்துபோனன் ஐயா" என்கிறார். வழக்கு அத்துடன் முடிந்துவிடுகின்றது. அடுத்த இலக்கம் அழைக்கப்படுகின்றது.

இவ்வழக்கை மீண்டும் விசாரணைக்கு எடுக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் மக்கள் அதனை மறக்கின்றனர் என்பதை நான் மறுக்கவில்லை. அம்மறதிக்குப் பொறுப்பு யார் என்பதிலேயே கற்றோருடன் எனக்குப் பிணக்கு உண்டு. "எங்கள் சனத்துக்கு மருந்து குடிக்கத் தெரியாது" என்று சொல்லிக்கொள்வது நம் படித்த வட்டாரங்களிலே ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. வைத்தியர் சொல்கின்றார், தாதியர் சொல்கின்றனர், வைத்தியபீட மாணவரும் முதலாம் வருடம் முடியுமுன்னரே சொல்லப் பழகிவிடுகின்றனர். ஆயின் உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, செல்வந்த நாடுகளிலேகூட நீண்டகால நோயுடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேரே விதித்தபடி மருந்தை உட்கொள்கின்றனர் என மதிப்பிட்டது. வளர்முக நாடுகளில் அவ்விகிதம் இன்னுங் குறைவு என்றும் அது கூறிற்று. எழுத்தறிவும் செல்வமும் மிக்க நாடுகளிலே பாதிப்பேர் தவறுகின்றனர் எனின், இதனை நம் கிராமத்து மனிதரின் அறியாமையாகக் காட்டுவது எங்ஙனம் பொருந்தும்?

மருந்தை நினைவில் வைத்திரு என்று நாம் ஒருவரிடம் கேட்கும்போது உண்மையில் எதனைக் கேட்கின்றோம் என்பதைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். நீரிழிவு, இரத்த அழுத்தம், தைரொயிட் குறைபாடு, மூட்டுவாதம் என நான்கு வருத்தங்கள் அவருக்கு உண்டு. நம் கிளினிக்குகளிலே இஃது அதிசயமான சேர்க்கையன்று. தைரொக்சின் குளிசையை விடியற்காலை வெறுவயிற்றிலே, உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னர் எடுக்கவேண்டும். கல்சியக் குளிசையும் விதிக்கப்பட்டிருப்பின் இரண்டுக்குமிடையே நான்கு மணிநேரம் விடவேண்டும். கிளைக்கிளசைட் உணவுக்குச் சற்று முன்னர். மெற்போமின் உணவுடனோ உணவின் பின்னரோ. அஸ்பிரின் வெறுவயிற்றிலே கூடாது. சிம்வஸ்ரற்றின் இரவிலே. மூட்டுவாதத்துக்குரிய மெத்தோட்ரெக்ஸேற்றோ கிழமைக்கு ஒருநாள் மட்டுமே எடுக்கப்படவேண்டியது. அதனை நாள்தோறும் எடுத்தால் குருதியை உற்பத்தி செய்யும் என்பு மச்சை கெட்டு உயிருக்கே ஆபத்து நேரும். பல நாடுகளிலே இத்தவறினால் மரணங்கள் நிகழ்ந்துள்ளன.

ஆகவே அப்பெண்மணியின் ஒருநாள் என்பது ஏறத்தாழ ஐந்து தனித்தனி நேரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதியும் விலக்கும் வகுக்கப்பட்ட நாள். இவ்வளவையும் எழுத்தின் துணையின்றி, ஒருமுறை கேட்ட மாத்திரத்தில், சனநெருக்கத்தின் இரைச்சலுக்கிடையே சாளரத்தின் மறுபுறத்திலிருந்து வந்த அரைகுறைச் சொற்களைக்கொண்டு, ஆயுள் முழுவதும் பிழையின்றி நிறைவேற்றும்படி நாம் கேட்கின்றோம். நம் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி மாணவர் எத்தனைபேர் தமது பரீட்சை நேரசூசியைத் தாளிற் குறித்துக்கொள்ளாது நினைவில் வைத்திருக்க வல்லர்?

இனி, அப்பெண்மணியின் கையிற் கொடுக்கப்படும் மருந்துச்சரையைப் பார்ப்போம். கடதாசிச் சரையின்மேல் மருந்தாளர் அவசரத்திலே கீறிய சில குறிகள் இருக்கும். "பி.டி." என்றிருக்கும், "டி.டி.எஸ்." என்றிருக்கும், "மனே", "நொக்டே" என்றும் இருக்கும். இவை ஆங்கிலமும் அல்ல; இலத்தீன். முதலாவது நாளுக்கு இருமுறை, இரண்டாவது மும்முறை, மூன்றாவது காலை, நான்காவது இரவு. உரோமப் பேரரசு அழிந்து நூற்றாண்டுகள் பல கடந்த பின்னரும் வன்னியிலும் மலையகத்திலும் உள்ள நோயாளர் தம் குளிசையை இலத்தீனிலே வாசிக்கவேண்டியிருப்பது வேடிக்கைதான். நான் கண்ட சரைகள் பலவற்றிலே தமிழ் இருக்கவில்லை. சிலவற்றிற் சிங்களம் இருந்தது. வேறு சிலவற்றிலே அதுவும் இல்லை. இவ்விடத்தில் ஒன்றைக் கூறிவைத்தல் நேர்மையாகும்: இலத்தீன் குறிகளால் மொனராகலைச் சிங்கள விவசாயியும் நம்மவரைப் போன்றே வஞ்சிக்கப்படுகின்றார்.

1956ஆம் ஆண்டின் சட்டம் தமிழரை அரச கருமங்களிலே ஊமையாக்கிற்று என்று நாம் பேசுகின்றோம்; சரியாகவே பேசுகின்றோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தினாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் தோற்றுவிக்கப்பட்டது. கந்தோர் வாயிலிலுள்ள பெயர்ப்பலகையிலே எழுத்துப் பிழை இருந்தால் நாம் முறைப்பாடு செய்கின்றோம். பத்திரிகைக்குப் படம் அனுப்புகின்றோம். பெயர்ப்பலகையின் பிழையால் எவரும் இறந்ததாக நான் அறியேன். மருந்துச்சரை பற்றி நம்மிடையே எழுந்த முறைப்பாடுகள் எத்தனை?

மறதி என்று பதியப்படுபவற்றுட் சில மறதியே அல்ல என்பதற்கு என் குடும்பத்து நிகழ்ச்சியொன்றைக் கூறவேண்டியுள்ளது. என் பெரியம்மா எழுத்து வாசனை குறைந்தவர். ஆயினும் கணக்கிற் கெட்டிக்காரி. குளிசைகளை அவர் பெயராலன்றி நிறத்தாலும் வடிவத்தாலும் அறிந்து வைத்திருந்தார். "வட்டவெள்ளை", "நீட்டு", "றோசா" என்பன அவர் இட்ட பெயர்கள். 2022ஆம் ஆண்டிலே நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, சீனியைக் குறைக்கும் கிளைக்கிளசைட் குளிசைகளைச் சில நாள்களுக்குப் பாதியாக உடைத்து எடுத்து, மீதியைப் போத்தலொன்றிலே சேமித்தார். சில மாதங்களின் பின் அதே மருந்து வேறொரு உற்பத்தியாளரிடமிருந்து வந்தது. வடிவம் வேறு, அளவும் வேறு. கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா அதனைப் புதிய மருந்து என்று கருதினார். பழைய வட்டவெள்ளையை நிறுத்தும்படி எவரும் கூறாதமையால் அதனையும் தொடர்ந்தார். நான்காம் நாள் விடியலிலே சீனி இறங்கி, வியர்வையில் நனைந்து, பேச்சுக் குழறிக் கிடந்தவரை அயலார் ஓட்டோவிலே ஏற்றிச் சென்றனர். பிழைத்துக்கொண்டார். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அது நல்ல மருத்துவமனை, அவரைக் காப்பாற்றியதும் அதுவே. ஆயினும் கண் விழித்த அவருக்கு அங்கே கிடைத்த முதல் வார்த்தை, "சொன்னபடி மருந்து குடிக்கத் தெரியாதா அம்மா?" என்பதாகும்.

சொன்னபடி என்றால், எவர் சொன்னபடி?

இதனை வைத்து மலிவான உள்நாட்டு, இந்திய மருந்துகளே கேடு, விலையுயர்ந்த வணிகப்பெயர் மருந்துகளே மேல் என்று வாதிக்கப் புறப்படுவோருக்கு நான் துணைபோக மாட்டேன். பேராதனையிலே மருந்தியற் பேராசிரியராயிருந்த சேனக பிபிலே, மருந்துகளை அவற்றின் மூலப்பெயரால் வாங்கவும் விதிக்கவும் வேண்டுமென வாதிட்டார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டமைக்கு அவரே காரணர். ஏழைக்கு மருந்து கிட்டியது அக்கொள்கையினாலேயே. எனினும் அக்கொள்கையின் உயிர்நிலை மூலப்பெயரிலே உள்ளது என்பதை நாம் மறந்துவிட்டோம். நிறமும் வடிவமும் கேள்விப்பத்திரத்துக்குக் கேள்விப்பத்திரம் மாறும். மாறாதிருப்பது பெயர் ஒன்றே. அப்பெயரை நோயாளிக்கு அவரறிந்த எழுத்திலே கொடுக்காதவிடத்து, நிறமன்றி வேறெதனை அவர் பற்றிக்கொள்வார்?

நினைவு என்பது மண்டைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்ற நியதி ஏதும் இல்லை. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்திலே டேவிட் வாக்னர் என்னும் பொறியியலாளர் ஒருவர் வாழ்ந்தார். நான்கு பிள்ளைகள் பிறந்த பின்னர் அவருடைய மனைவி கருத்தடைக் குளிசை எடுக்கத் தொடங்கினார். இன்று எடுத்தாயா, இல்லையா என்ற கேள்வி இருவருக்குமிடையே நாள்தோறும் எழுந்தது. வாக்னர் ஒரு தாளிலே கிழமையின் நாள்களை எழுதி, ஒவ்வொரு நாளின் மேலும் ஒரு குளிசையை வைத்தார். குளிசை இருந்தால் எடுக்கவில்லை, இல்லையேல் எடுத்தாயிற்று. ஒருநாள் ஏதோ விழுந்து தாளும் குளிசைகளும் சிதறவே, அதனை வட்டமான பிளாஸ்ரிக் பெட்டியாக வடிவமைத்து 1962இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1964இல் அது வழங்கப்பட்டது. இன்று எந்தக் கருத்தடைக் குளிசை அட்டையிலும் நாள் வரிசை காணப்படுவதற்கு அத்தாளே வித்து. அப்பெண்ணின் நினைவாற்றல் ஒரு நாளிற் பெருகிவிடவில்லை. நினைக்கும் வேலை தாளுக்கு மாற்றப்பட்டது.

நமது கிராமங்களிலே அதிகம் படியாத பெண்களும் கருத்தடைக் குளிசையை நாள் தவறாது எடுப்பதை மருத்துவமாதரைக் கேட்டால் அறியலாம். அவ்வட்டை தானே கணக்கு வைக்கின்றது, தவறினால் காட்டிக்கொடுக்கின்றது. அதே பெண் ஐம்பது வயதில் இரத்த அழுத்தத்துக்கு மருந்தெடுக்கும்போது, பெருந்தகரத்திலிருந்து எண்ணியெடுத்த அறுபது உதிரிக் குளிசைகள் சரையொன்றில் அவருக்கு வந்து சேர்கின்றன. அன்று காலை எடுத்தோமா இல்லையா என்பதை அச்சரை ஒருபோதும் சொல்லாது.

காசநோயை நோக்குங்கள். ஆறுமாத காலம் மருந்தெடுக்கவேண்டிய அந்நோயாளரை எவரும் அவருடைய நினைவை நம்பி விடுவதில்லை. சுகாதார ஊழியரோ பொறுப்பேற்ற வேறொருவரோ பார்த்திருக்கக் குளிசை விழுங்கப்படுகின்றது. அட்டையிலே அடையாளம் இடப்படுகின்றது. வராதவரைத் தேடி ஆள் செல்கின்றது. காரணம் வெளிப்படை. காசநோய் பிறருக்குத் தொற்றும். மற்றவருக்கு ஆபத்து எனில் நினைவுபடுத்தல் அரசின் கடன். தனக்கு மட்டுமே ஆபத்து எனில் அது தனிமனிதனின் அசட்டை! நீரிழிவினால் கால் வெட்டப்பட்ட ஒருவரின் குடும்பம் முழுவதும் வறுமையிலே விழுவது தொற்றாகக் கணிக்கப்படுவதில்லை.

முன்னர் நம் வீடுகளிலே நினைவு பங்கிடப்பட்டிருந்தது. அப்புவின் மருந்து வேளை பேத்திக்குத் தெரியும். பின்னேரத் தேநீர், விளக்கு வைக்கும் நேரம், வானொலிச் செய்தி, கோயில் மணி ஆகியவற்றோடு குளிசை இணைந்திருந்தது. சித்த மருத்துவரும் மருந்தைத் தனியே கொடுப்பதில்லை. இன்ன அனுபானத்தில், இன்ன வேளையில், இன்ன பத்தியத்தோடு, இத்தனை நாளைக்கு என்று சொல்லிக் கொடுப்பார். தேன் குழைப்பவர் ஒருவர், கறியைப் பத்தியமாக்குபவர் வேறொருவர். வீடே அம்மருந்தை அறிந்திருந்தது. (சித்த மருத்துவத்தின் பழம்பெருமையை இங்கே நான் பாட வரவில்லை. மருந்தின் செய்முறையை மகனுக்கும் சொல்லாது மறைத்து மாண்ட பரியாரிமார் கதையும் நாமறிந்ததே.) இன்று அவ்வீடுகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. போரிலே சிலர் மாண்டனர். பலர் கனடாவிலும் இலண்டனிலும் உள்ளனர். பிள்ளைகள் ஏழு அறைகள் கொண்ட பிளாஸ்ரிக் பெட்டியை அனுப்புகின்றனர்; அறைகளின் மேல் ஆங்கிலத்திலே கிழமை நாள்களின் முதலெழுத்துகள். கைப்பேசியில் மணி அடிக்க வைக்கின்றனர். மணி அடிக்கும்போது கிழவி கிணற்றடியிலே நிற்கின்றாள், மணி ஓய்ந்துவிடுகின்றது. பெட்டி நல்லது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். வாக்னரின் தாளும் அதுதானே. ஆயின் பெட்டியைக் கிழமைதோறும் பிழையின்றி நிரப்புபவர் யார்? நிரப்புவதற்குச் சரையை வாசிக்க வேண்டுமே.

விரதம் பற்றியும் ஒரு சொல். கந்தசட்டி ஆறுநாளும் ஒருவேளை உண்பவரிடமும், நோன்பு மாதத்திலே பகல்முழுதும் உண்ணாத முஸ்லிம் சகோதரரிடமும், உணவை ஒட்டிய மருந்துகளை என்ன செய்கின்றீர் என்று நம் கிளினிக்குகளிலே கேட்கப்படுவது அரிது. அவர்களும் சொல்வதில்லை, ஏச்சு விழும் என்ற பயம். உண்ணாதபோது சீனியை இறக்கும் குளிசையை மட்டும் வழமைபோல எடுப்பவருக்கு என்ன நேருமென்பதை என் பெரியம்மாவின் கதையே காட்டும். ஒருவேளை தவறினால் என்ன செய்வது என்பதும் அவ்வாறே சொல்லப்படாத செய்தி. பெரும்பாலான மருந்துகளுக்கு, நினைவு வந்தவுடன் எடுக்கலாம், அடுத்த வேளை நெருங்கியிருப்பின் விட்டுவிடலாம், இரட்டிப்பாக மட்டும் எடுக்கலாகாது என்பது பொதுவிதி. இம்மூன்று வசனங்களையும் தமிழிற் சொல்ல ஒரு நிமிடமும் செல்லாது. சொல்லப்படாமையால், நேற்றையதையும் சேர்த்து இன்று விழுங்குவோர் நம்மிடையே உளர்.

இதுவரை பிறரைச் சாடினேன். இனி நம்மைச் சாடவேண்டும். 1847ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே தமிழ்மொழியில் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கினார். 1873இல் அவர் நாடு திரும்பினார். நூற்றைம்பது ஆண்டுகள் சென்றுவிட்டன. அவருடைய பெயரைச் சொல்லி நாம் கருத்தரங்கு வைக்கின்றோம். அவருடைய கலைச்சொற்களை ஆராய்கின்றோம். "அறிவியற்றமிழ்" பற்றி நம் சங்கத்திலே விவாதமேடை அமைத்து, வென்றவருக்குக் கேடயமும் கொடுக்கின்றோம். அதே நாளில் சில கட்டை தூரத்திலுள்ள மருந்துச் சாளரத்திலே தமிழ்க் கிழவன் ஒருவன் இலத்தீன் குறியோடு திரும்பிச் செல்கின்றான்.

ஒருமுறை இது பற்றி நண்பர் சிலரிடம் பேசியபோது, முதலில் மருந்துப் பெயர்களுக்குத் தூய தமிழ்ச் சொற்களை ஆக்கவேண்டும், அதன் பின்னரே சரையிலே தமிழ் சாத்தியம் என்றனர். எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் கோபம் வந்தது. மெற்போமினுக்குத் தனித்தமிழ்ப் பெயர் சூட்டினால் கிழவியும் அதனை அறியாள், மருந்தாளரும் அறியார். இன்னொரு இலத்தீனை நாம் படைத்தவராவோம். மெற்போமின் என்பதைத் தமிழ் எழுத்திலே எழுதினாற் போதும். குளிசை என்ற சொல் அவளிடம் உண்டு. காலை, மத்தியானம், இரவு, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்ற சொற்களும் உண்டு. சொல்லுக்கு இங்கே பஞ்சமில்லை.

மருந்தாளரின் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறைத்தல் தகாது. ஒரு காலைப்பொழுதிலே நூற்றுக்கணக்கானோருக்கு மருந்து எண்ணிக்கொடுக்கும் ஒருவரால் ஒவ்வொரு சரையிலும் வாக்கியம் எழுத இயலாது. ஆளணி போதாமை உண்மை. 2022இன் பின்னர் பலர் நாட்டை விட்டே போயினர் என்பதும் உண்மை. 2020ஆம் ஆண்டிலே கொரோனா முடக்கத்தின்போது கிளினிக் நோயாளரின் மருந்துகள் தபால்மூலம் வீடுகளுக்கு அனுப்பப்பட்டமை நினைவிருக்கலாம். அரசு விரும்பினால் வழி பிறக்கும் என்பதற்கு அஃது அத்தாட்சி, எனினும் அச்சரைகளை எடுத்துவந்த தபாற்காரரிடமே "தம்பி, இது எப்ப குடிக்கிறது?" என்று கேட்டவர்களும் இருந்தனர்.

எழுத நேரமில்லையெனின் முத்திரை குத்தலாம். உதிக்கும் ஞாயிறு, உச்சி ஞாயிறு, பிறைநிலா ஆகிய மூன்று படங்கள். ஒவ்வொன்றின் கீழும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சொல். அருகே எத்தனை குளிசை என்று எழுத ஒரு கட்டம். அடியிலே முன், பின் என இரண்டு. ஒரு றப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் போதும்; சரைகளை முன்னதாகவே குத்தி அடுக்கிவைக்கலாம். மருந்தின் பெயருக்கு, கிளினிக்கிலே வழங்கும் ஐம்பது அறுபது மருந்துகளின் தமிழ்ச் சீட்டுகள் அச்சிடப்படின் ஒட்டுவதே வேலை. உற்பத்தியாளர் மாறும் மாதத்திலே, "பழைய குளிசையே இது, இரண்டையும் எடுக்கவேண்டாம்" என்ற சீட்டு ஒன்று.

இதனை அமைச்சு செய்யட்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி அனுப்பிவிட்டு இருந்துவிடலாகாது. நம் சங்கத்தின் ஆண்டுவிழாச் செலவுக் கணக்கு இவ்விதழிலேயே அச்சாகின்றது. மாலைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் சென்ற தொகையை வாசகர் அங்கே காணலாம். முத்திரைகளுக்கு அதிற் பாதியும் செல்லாது. மருந்தியற்றுறை மாணவர் இருவர் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துத் தர இசைந்துள்ளனர். சிங்கள மாணவர் சங்கத்து நண்பர் ஒருவர் சிங்களச் சொற்களைப் பார்த்துத் தருவதாகக் கூறியுள்ளார். மெத்தோட்ரெக்ஸேற்றுக்குரிய சீட்டிலே கிழமையின் எந்த நாள் என்பதை எழுத இடம் விடப்படல் வேண்டுமா, அன்றி நாளையே அச்சிட்டு ஏழு வகைச் சீட்டுகள் வைப்பதா என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவில்லை. நான் ஏழு வகை என்ற கட்சி. என் பெரியம்மாவிடம் மாதிரியைக் காட்டியபோது, பிறைநிலாவைக் கத்தரிக்காய் என்றார். அப்படத்தை மாற்றி வரையவேண்டும்.